மாதிரி விருந்தினர்

வாரியம் ஓர் உணவகம் அமைப்பதென்று தீர்மானித்த அதே மாதத்தில்தான் கண்டக்டரின் மனைவி இறந்துபோனாள். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாரியத்துக்கு அவளைத் தெரியாது. அவளும் வாரியத்தின் வாசலை மிதித்ததில்லை.

கண்டக்டர் ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருவில் எல்லோருக்கும் அவர் இன்னும் கண்டக்டர்தான். வேலையில் இருந்த காலத்தில் பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். வீட்டுப் பேச்சு மொத்தமும் மனைவியின் பொறுப்பில் இருந்தது. கேள்வியும் அவளே கேட்டு, பதிலும் அவளே சொல்லிக்கொள்வாள். பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது மின்விசிறி மட்டும்தான். காலையில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவார். இளம் கண்டக்டர்கள் மரியாதையாக ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். மரியாதை காரணமாக யாரும் அவரோடு பேசவில்லை.

எதிர்வீட்டுக்காரர் வாரியக் கட்டடத்தில் காவலாளி. அந்தக் கட்டடத்தை ஊரில் கப்பல் என்பார்கள். கல்லால் கட்டியது, முன்பக்கம் கூர்ந்து, இப்போதே கிளம்பிவிடும் போலிருக்கும். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்கள் உள்ளே போய் வரிசையில் நிற்பார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டபோது, கப்பலைப் பார்த்தாலே பயமாயிருக்கிறது என்று பலரும் சொல்லியிருந்தார்கள். வாரியம் வருந்தியது. வரிசையைக் குறைக்கலாமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அது நடைமுறைச் சிக்கல் என்று முடிவாகி, உணவகம் அமைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. எல்லோரையும் வரவேற்கும் உணவகம். பூமிக்கும் கேடில்லாத உணவகம்.

“அண்ணே, சும்மாதானே இருக்கீங்க” என்றார் காவலாளி ஒரு நாள். “எங்க ஆபீஸ்ல உக்கார ஆள் தேடுறாங்க.”

“உக்காந்து என்ன செய்யணும்?”

“உக்காரணும். அவ்வளவுதான்.”

“அதுக்கு எதுக்குப்பா வெளியாள்?”

“ஹோட்டல் வசதியா இருக்கான்னு பாக்கணுமாம். எங்க அதிகாரிங்க எங்க உக்காந்தாலும் அவங்களுக்கு வசதியாத்தான் இருக்கு. அதான்.”

உபசரிப்பு அதிகாரி என்று ஒரு பெண்மணி இருந்தார். அதற்கு முன் புகார்ப் பிரிவில் இருந்தவர். அங்கே புகார்களே வராமல் செய்ததற்காக இங்கே உயர்வு கொடுத்திருந்தார்கள். அவர் கண்டக்டரை நேர்காணல் செய்தார்.

“ஒரு இடம் உங்களை வரவேற்குதுன்னு எப்ப உணர்வீங்க?”

“கதவு தெறந்திருந்தா.”

“வேற?”

“உள்ள யாராவது இருந்தா.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நுட்பமான உணர்வுகள் உள்ளவர் என்று எழுதிக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது. பதவியின் பெயர் மாதிரி விருந்தினர்.

கட்டடத்தின் முன்கூடத்தில்தான் உணவகம். முன்பு மக்கள் வரிசையில் நின்ற இடம் அது. மக்களை வரவேற்க இடம் வேண்டுமல்லவா, அதனால் வரிசையைக் கட்டடத்தின் பின்பக்கம், வெயிலுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய கதவுகளை அறுத்து மேசைகள் செய்திருந்தார்கள். தெருவைப் பார்த்த சுவரை இடித்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். முதல் நாள் மாதிரி விருந்தினர்கள் எல்லோரும் வந்து அமர்ந்ததும், இயக்குநர் எழுந்து பேசினார். நல்ல குரல் வளம் அவருக்கு.

“ஒரு உணவகத்துக்குப் பெரிய எதிரி யாருன்னு மாசக்கணக்குல யோசிச்சோம். கடைசியில கண்டுபிடிச்சோம். சாப்பாடு! சமைச்சா புகை. பரிமாறினா மிச்சம். சாப்பிட்டா பாத்திரம், பாத்திரம்னா தண்ணி. பூமி எத்தனைதான் தாங்கும்? அதனால சமையலறையை ரெண்டாம் கட்டத்துக்குத் தள்ளி வெச்சிருக்கோம். முதல் கட்டத்துல வரவேற்பை மட்டும் பரிமாறுவோம்.”

கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீரும் இரண்டாம் கட்டத்தில்தான் என்று அதிகாரி கனிவாகச் சொன்னார்.

விருந்தினர்களைக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். கண்டக்டருக்குக் கண்ணாடியோரம் அப்பா–மகள் மேசை. மகளாக வந்தவள் ஒரு தையல்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். கூடத்துக்குத் திரைச்சீலை தைக்க வந்தவள். பாதி தைத்த பிறகு, திரைச்சீலை என்றால் துவைக்க வேண்டிவரும், தண்ணீர் வீணாகும் என்று யாரோ ஆலோசகர் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். மீதி வேலைக்குப் பதிலாக அவளுக்கு மகள் பதவி கொடுத்தார்கள்.

பேச வேண்டியதை அதிகாரி சொல்லிக்கொடுத்திருந்தார். மகள், “நல்லா இருக்கீங்களா அப்பா?” என்று கேட்க வேண்டும். அப்பா, “இந்த இடம் ரொம்ப இதமா இருக்கும்மா” என்று சொல்ல வேண்டும். பிறகு இருவரும் காலித் தட்டைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும்.

தையல்காரி கேட்டாள். “நல்லா இருக்கீங்களா அப்பா?”

கண்டக்டர் வாயைத் திறந்தார். மனைவி போன பிறகு அப்படி யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

“இல்லம்மா” என்றார். “நேத்து ஞாபகமில்லாம ரெண்டு பேருக்கு டீ போட்டுட்டேன். ஒண்ணை என்ன பண்றதுன்னு தெரியல. ஆறினப்புறம் அதையும் நானே குடிச்சேன்.”

தையல்காரிக்குச் சொல்ல வேண்டியது மறந்துபோயிற்று. “சக்கரை போட்டிருந்தீங்களா?” என்று கேட்டாள்.

“அவளுக்குச் சக்கரை ஆகாது. கசந்துச்சு.”

தூணுக்குப் பின்னால் நின்ற அதிகாரி, உரையாடல் இயல்பாக இருக்கிறது, தொடரவிடலாம் என்று குறித்துக்கொண்டார்.

தொடர்ந்தார்கள். கண்டக்டருக்குக் காலையில் எழுவதற்குக் காரணம் கிடைத்தது. சட்டையை இஸ்திரி போட்டார். இன்றைக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்தார். சில்லறைக்காகச் சண்டை போட்டவர்கள் கதை, பஸ்ஸிலேயே பிறந்த குழந்தையின் கதை, மனைவி ஒருமுறை அவர் பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டு, டிக்கெட் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதை. தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் சொன்னாள். வாடகை வீட்டில் ஒரே அறை. மிஷினை மடக்கி வைத்தால்தான் பாய் விரிக்க இடம். கல்யாணம் பேச ஆளில்லாமல் காலம் கடந்துவிட்டது.

“உங்கப்பா?”

“இருந்தாரு. இருந்தாருங்கிறதுக்கு நான்தான் ஆதாரம்.”

வேலை முடிந்ததும் பின்பக்கப் படிக்கட்டில், வெயிலில் நிற்கும் வரிசையைப் பார்த்தபடி, அவள் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். மேசையில் இருக்கும்வரை அவர் அப்பா. படிக்கட்டுக்கு வந்தால் சார். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் படிக்கட்டில் உட்கார்ந்து, “அப்பா, அந்த மூடியை இப்படிக் குடுங்க” என்றாள். கேட்டபின் இருவருமே கவனித்தார்கள். அவர் மூடியைக் கொடுத்தார்.

வரவேற்புக் கணக்கெடுப்பில் அப்பா–மகள் மேசைதான் முதலிடம் பிடித்தது. வாரியத்தின் படப்பிடிப்பாளர் வந்து, இருவரும் சிரிக்கும்போது ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இயக்குநர் அவர்களை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். பாராட்டப்போகிறார் என்று நினைத்துக் கண்டக்டர் சட்டையின் மேல்பொத்தானையும் போட்டுக்கொண்டு போனார்.

“பெரியவரே, நீங்க எழுந்திரிக்கவே மாட்டேங்கிறீங்களாமே?”

“வசதியா இருக்குங்க.”

“அதுதான் சிக்கல். வரவேற்பு வேற, தங்குறது வேற. ‘வாங்க’ன்னு சொல்றது உபசாரம். ‘இருங்க’ன்னு சொல்லணும்னு எந்த விதியிலயும் இல்ல. ஒருத்தரே பிடிச்சு உக்காந்திருந்தா அந்த நாற்காலி என்னத்துக்கு ஆகும்? நாம மனுஷங்களைப் பத்தி மட்டும் யோசிக்கக் கூடாது. நாற்காலிக்கும் ஒரு எதிர்காலம் இருக்கு.”

நாற்காலியின் சாய்மானத்தை எடுத்துவிட்டார்கள். மறுநாள் அதிகாரி எப்படியிருக்கிறது என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாத கண்டக்டர், “முதுகு வலிக்குதுங்க” என்றார். கூடத்தில் நின்ற ஆலோசகர்கள் கைதட்டினார்கள். அடுத்து இருக்கையை முன்பக்கமாகச் சரித்துச் செதுக்கினார்கள். “வழுக்குதுங்க” என்றார். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். விளக்கைத் தலைக்கு நேராக இறக்கினார்கள். “கண்ணு கூசுதுங்க” என்றதும் இயக்குநரே இறங்கிவந்து, ஒரு சாதாரண மனிதரால் இந்த நாட்டுக்கு எவ்வளவு செய்ய முடிகிறது பாருங்கள் என்று அவர் தோளில் கைவைத்துப் பேசினார்.

“நான் என்ன கொறை சொன்னாலும் கைதட்டுறாங்கம்மா” என்றார் கண்டக்டர் தையல்காரியிடம். “நல்லா இருக்குன்னு சொன்னா மூஞ்சி வாடிப்போகுது. எனக்கு ஒண்ணும் புரியல.”

“நீங்க பேசாம உக்காருங்கப்பா.”

காலை ஊன்றிக்கொண்டு, வழுக்கி வழுக்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற மேசைகளில் எல்லோரும் எழுந்துபோன பிறகும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, தையல்காரி மிச்சமிருந்த திரைச்சீலைத் துணியில் பஞ்சு அடைத்து ஒரு மெத்தை தைத்துவந்தாள். இருக்கையின் சரிவுக்கு ஏற்றபடி முன்பக்கம் உயர்த்தித் தைத்திருந்தாள். கண்டக்டர் அதில் உட்கார்ந்து, அப்பாடா என்றார். அந்த ஒரு சொல் தூணுக்குப் பின்னால் கேட்டுவிட்டது.

விசாரணை நடந்தது. அனுமதியற்ற சொகுசு என்று குற்றத்துக்குப் பெயர் வைத்தார்கள். மெத்தையை மேசைமேல் வைத்து எல்லோரும் பார்த்தார்கள். ஓர் ஆலோசகர் விரலால் அமுக்கியும் பார்த்தார். அன்று மாலையிலிருந்து அது இயக்குநரின் நாற்காலியில் இருந்தது. ஆதாரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமே.

“உங்க மேல தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்ல பெரியவரே” என்றார் இயக்குநர். “ஆனா நீங்க இப்ப மாதிரி விருந்தினர் இல்ல. நிஜமாவே வர ஆரம்பிச்சிட்டீங்க. நிஜமா வர்றவங்களை வெச்சு நாங்க எதையும் அளக்க முடியாது.”

“அந்தப் பொண்ணு?”

“அவங்க இருக்கலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் பாக்கவோ பேசவோ கூடாது. அளவு கெட்டுப்போயிடும். பேசினா அவங்களையும் எடுக்க வேண்டி வரும்.”

கண்டக்டர் எழுந்துகொண்டார். “நான் வரலங்க. அவ இருக்கட்டும்” என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டார். சொல்ல நினைத்தவை சேர்ந்துகொண்டே போயின. மீன்காரன் இப்படிச் சொன்னான், குழாயில் இப்படித் தண்ணீர் வந்தது என்று தினமும் ஏதாவது இருந்தது. படுக்கப்போகும்போது அதையெல்லாம் யாரிடமும் சொல்லாமலே படுத்தார். முதலில் ஒருத்தி போனபோது அழ முடிந்தது. ஊரே வந்து உட்கார்ந்து கூட அழுதது. இவளுக்காக எப்படி அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தமக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் சொல்லக்கூட ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நாள் காவலாளி வாசலில் நின்று, வெள்ளந்தியாக, “நாளைக்கு ஹோட்டலைச் சோதிச்சுச் சான்றிதழ் குடுக்கிறவங்க வர்றாங்கண்ணே. அந்தப் பொண்ணுக்குப் புது அப்பா போட்டிருக்காங்க” என்றார்.

கண்டக்டர் அன்றிரவே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார்.

மறுநாள் போனார். பேசப் போகவில்லை, கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனார். கப்பலின் முகப்பில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதில் அவரும் தையல்காரியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, அனைவரும் வருக. காவலாளி ஓடிவந்து வழிமறித்தார்.

“அண்ணே, இன்னைக்கி மட்டும் வேண்டாம். பாஸ் இருக்கிறவங்களைத்தான் விடணும்.”

“படத்துல இருக்கிறது நான்தானேப்பா?”

“படத்துக்கு அனுமதி இருக்குண்ணே. உங்களுக்குத்தான் இல்ல.”

அவர் தகராறு செய்யவில்லை. நடைபாதையில் நகர்ந்து, கண்ணாடிச் சுவரின் இந்தப் பக்கம் நின்றுகொண்டார். உள்ளே தையல்காரி தெரிந்தாள். இளைத்திருந்தாள். எதிரே, வாரியத்திலேயே எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அமர்ந்திருந்தார். கொடுத்த வாக்கியத்துக்கு மேல் ஒரு சொல் பேசாதவர் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

சோதனை செய்ய வந்த அம்மாள் ஒவ்வொரு மேசையாக வந்தார். இயக்குநரும் அதிகாரியும் பின்னால் வந்தார்கள். அப்பா–மகள் மேசைக்கு வந்ததும் அவர் கண்ணில் வெளியே நின்ற கிழவர் பட்டார்.

“அவர் ஏன் வெளிய நிக்கிறாரு?”

“வழிப்போக்கர்” என்றார் அதிகாரி.

“நம்ம வரவேற்பு தெருவரைக்கும் போகுது” என்றார் இயக்குநர்.

அந்த அம்மாள் பலகையில் பார்த்த முகம் என்று யோசித்தாரோ என்னவோ, தையல்காரியிடம் குனிந்து கேட்டார். “உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

தையல்காரி கண்ணாடியைப் பார்த்தாள். கண்டக்டர், தெரியாது என்று சொல்லிவிடு என்பதுபோல் வேகமாகத் தலையை ஆட்டினார். கண்ணாடிக்கு வெளியே நின்று தலையாட்டும் அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

“எங்கப்பா” என்றாள்.

“அப்ப இவரு?”

புது அப்பா தம் முறை வந்துவிட்டதென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “இந்த இடம் ரொம்ப இதமா இருக்கும்மா” என்றார்.

இயக்குநர் அசரவில்லை. இப்படிப்பட்ட நேரங்களைச் சமாளிக்கத்தான் அவரை இயக்குநராக வைத்திருந்தார்கள். “பாத்தீங்களா! வெளிய ஒரு குடும்பம் இருந்தும் இங்க வந்து இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கிறாங்க. இந்த இடம் உறவுகளை உண்டாக்குது. இதை நாங்க திட்டமிடவே இல்ல” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. சோதனை அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. சான்றிதழ் அன்றே கிடைத்தது, தனிப் பாராட்டோடு. தையல்காரியை அன்றே நீக்கினார்கள்.

அவள் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வெளியே வந்தாள். கண்டக்டர் சுற்றிக்கொண்டு அங்கே வந்திருந்தார்.

“ஏன் வந்தீங்க?” என்றாள். குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பாத்துட்டுப் போயிடலாம்னு...”

“பாக்குறதுக்கு நான் என்ன பொம்மையா? இதை நம்பித்தானே தையல் வேலையெல்லாம் திருப்பி அனுப்பினேன். இப்ப எங்க போய் நிப்பேன்?”

“நான்தாம்மா கெடுத்தேன்.”

“நீங்க எங்க கெடுத்தீங்க? வாயைத் தொறந்தது நான்.” அதையும் கோபமாகத்தான் சொன்னாள். பிறகு படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தோளைத் தொடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. வெயில் அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. தம் நிழல் அவள்மேல் படும்படி நின்றுகொண்டார். அவள் அழுது முடிக்கும்வரை அசையவில்லை.

உணவகம் திறக்கப்பட்டது. பாஸ் உள்ளவர்கள் போய் உட்கார்ந்து, வழுக்கி, எழுந்து வந்தார்கள். சான்றிதழை மாட்டி வைக்கத் தனி அறை தேவைப்பட்டதால், சமையலறைக்கென்று விட்டிருந்த இடத்தை அதற்குக் கொடுத்தார்கள்.

தையல்காரி வேலை தேடினாள். விட்டுப்போன வாடிக்கையாளர்கள் வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள். கடைசியில் வெகுதூரத்தில் ஒரு துணி ஆலையில் இடம் கிடைத்தது. தங்கவும் அங்கேயே இடம். அதைச் சொல்ல முதல்முறையாகக் கண்டக்டர் வீட்டுக்கு வந்தாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தாள்.

“போகட்டுமாப்பா?”

இரு என்று சொல்ல அவருக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. எல்லாம் அவருக்கான காரணங்கள்.

“போம்மா. பொழப்பைப் பாக்கணுமில்ல” என்றார்.

பஸ் நிலையத்துக்கு அவரே பெட்டியைத் தூக்கி வந்தார். மிஷினை மேலே கட்டவைத்து, முடிச்சை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஏறி, சக்கரத்துக்கு மேல் வராத, மத்தியானத்துக்குப் பிறகு வெயில் படாத பக்கமாகப் பார்த்து, ஜன்னலோர இடம் பிடித்துக்கொடுத்தார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நேற்றெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“பெரியவரே, வர்றீங்களா, இறங்குறீங்களா?” என்றான் அந்த பஸ்ஸின் கண்டக்டர்.

“இறங்குறேம்பா.” அவளிடம் திரும்பினார். “கையை வெளிய நீட்டாதம்மா.”

“சரிப்பா” என்றாள்.

விசில் ஒலித்தது. பஸ் திரும்பி, வாசலில் ஒருமுறை குலுங்கி, வெளியே போயிற்று. ஜன்னலில் ஒரு கை வெளியே வந்து அசைந்தது. சொன்னது நினைவுக்கு வந்ததுபோல் உள்ளே போய்விட்டது.

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் பஸ்ஸோடு போனவர். பஸ் போன பிறகு நிறுத்தம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தார். கொஞ்சம் புகை இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. எல்லோரும் கிளம்பிவிட்டதால் நீள பெஞ்சு காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்தார்.

இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு பெண் ஓடிவந்தாள்.

“போயிடுச்சா?” என்றாள் மூச்சுவாங்க.

“போயிடுச்சும்மா” என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு, அவள் உட்கார இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.